ராமநாதபுரம் கரையில் கம்ப்யூட்டர் யூபிஎஸ்: எர்த்திலிருந்து பேட்டரி வரை

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை, கடலோர வீட்டுக்கு யூபிஎஸ் வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "கரண்ட் போனா எவ்வளவு நேரம் நிக்கும்?" என்பதுதான். அதற்கு முன்னால் வீட்டிலேயே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கம்ப்யூட்டர் வைக்கப்போகும் பிளக் பாயின்ட்டில் எர்த் வேலை செய்கிறதா? இந்தக் கரையில் யூபிஎஸ் சீக்கிரம் கெடுவதற்கு உப்பும் வெக்கையும் எர்த் கோளாறும்தான் பெரும்பாலும் காரணம். அதனால் எர்த்திலிருந்தே தொடங்குவோம். பெட்டி வாங்குவது அதற்குப் பிறகு.

முதல் வேலை: எர்த்

கம்ப்யூட்டருக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸுக்குள், மின்சாரம் வரும் ஃபேஸிலிருந்து ஒன்றும் அது திரும்பும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள் கேபினட்டின் உடம்போடு இணைந்திருக்கும். எர்த் இருந்தால் அவை கசியவிடும் மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் அறுந்திருந்தால் கேபினட்டில் ஏறக்குறைய பாதி மின்னழுத்தம், அதாவது 115 வோல்ட் அளவுக்கு, மிதந்து நிற்கும். வெறுங்காலோடு கேபினட்டின் பின்பக்கத் திருகைத் தொடும்போது விரலில் சுருக்கென்று இழுப்பது இதுதான். "கம்ப்யூட்டர்னா அப்படித்தான் இருக்கும்" என்று விடக்கூடாது. கசிவு சிறியதுதான். ஆனால் நாளை உள்ளே இன்சுலேஷன் போய் முழு 230 வோல்ட்டும் கேபினட்டில் ஏறினால், அதைக் கீழே இறக்க வழி இல்லை என்பதை அந்தச் சுருக்கு இன்றே சொல்கிறது.

மல்ட்டிமீட்டரைப் பிடித்துப் பழகியவராக இருந்தால் நீங்களே பார்க்கலாம். பழக்கம் இல்லையென்றால் வயர்மேனைக் கூப்பிடுங்கள். காலில் காய்ந்த ரப்பர் செருப்பு இருக்கட்டும். மீட்டரை ஏசி 750 வோல்ட்டில் வைத்து, மூன்று துளை சாக்கெட்டில் இந்த மூன்றையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

1. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே: 210 முதல் 245 வரை இருந்தால் சரி. மாலை ஏழு மணிக்கு ஒருமுறை, காலையில் ஒருமுறை என இரு நேரம் பாருங்கள். ஐஸ் கம்பெனிகளோ இறால் பண்ணை மோட்டார்களோ உள்ள லைனில், அவை ஓடத் தொடங்கும்போது எண் சட்டென இறங்கும்.
2. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே: முதல் எண்ணுக்கு ஓரிரு வோல்ட் வித்தியாசத்தில் வர வேண்டும். 150, 90 என்று அலைந்தால் எர்த் வயர் எங்கோ அறுந்திருக்கிறது.
3. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே: 0 முதல் 3 வோல்ட் வரை நல்லது. 5-ஐத் தாண்டினால் வயர்மேனிடம் சொல்லுங்கள்.

மூன்றாவது எண் சுத்தமாக 0.0 என்று நின்று, பக்கத்துப் பிளக்கில் அயர்ன் பாக்ஸ் போட்டும் அசையாமல் இருந்தால் மகிழ்ச்சி அடைய வேண்டாம். சாக்கெட்டுக்குள்ளேயே எர்த் பின்னையும் நியூட்ரலையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டார்களா என்று திறந்து பார்க்கச் சொல்லுங்கள். எர்த் இல்லாத வீட்டில் சுருக்கடிப்பதை நிறுத்தச் சிலர் செய்யும் வேலை இது. எங்காவது நியூட்ரல் அறுந்தால் அந்த நொடியே கம்ப்யூட்டர் கேபினட், ஃபிரிட்ஜ் கதவு என்று எல்லாவற்றிலும் முழு மின்சாரம் ஏறிவிடும். ஆளைக் கொல்லும் இணைப்பு. கண்டால் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும்.

மீட்டர் காட்டும் எண் மட்டும் போதாது. மீட்டருக்கு நூலளவு மின்சாரம் போதும் என்பதால், அரித்துப்போய் ஒரு இழையில் தொங்கும் எர்த்கூட 'நல்லா இருக்கு' என்று காட்டும். வயர்மேன் 100 வாட் குண்டு பல்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே போட்டுப் பார்ப்பார். நியூட்ரலில் எரிவது போலவே பளிச்சென்று எரிந்தால் எர்த் பாரம் தாங்குகிறது. மங்கலாக எரிந்தால் தாங்கவில்லை. மின்கசிவு கண்டதும் இணைப்பை அறுக்கும் ஆர்சிசிபி ஸ்விட்ச் உள்ள வீட்டில், பல்பு எரிவதற்குள் அது விழுந்துவிடும். ஆர்சிசிபி வேலை செய்கிறது என்று அதற்கு அர்த்தம். எர்த்தை அளக்க எர்த் டெஸ்டர் கொண்டுவரச் சொல்ல வேண்டும். 5 ஓமுக்குக் கீழே வந்தால் வீட்டுக்குப் போதும். இந்தப் பல்புச் சோதனையைப் புதியவர்கள் செய்யவே கூடாது.

நம் கரையில் எர்த் கெடுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: தரைமட்டத்தில், மண்ணில் புதைத்த எர்த் பைப்போடு வயரைக் கிளாம்ப் போட்டு முறுக்கிய இடம். உப்பு ஈரத்தில் ஜிஐ பைப்பின் துத்தநாகப் பூச்சு முதலில் அங்கேதான் போகும். பிறகு துரு செதில் செதிலாக எழும்பி, கிளாம்புக்கும் பைப்புக்கும் நடுவே புகுந்துகொள்ளும். மேலிருந்து பார்த்தால் வயர் இறுக்கமாகத்தான் தெரியும். கையால் அசைத்தால் சுற்றும். ஆண்டுக்கு ஒருமுறை, வாடை மழைக்கு முன்னால், மெயினை நிறுத்திவிட்டு அந்த இடத்தைக் கம்பி பிரஷால் தேய்த்துப் பளபளக்கவைத்து, புதிய கிளாம்ப் போட்டு முறுக்கி, மேலே பெட்ரோலியம் ஜெல்லியோ தாரோ பூசிவிட வேண்டும். புதிதாகப் போடுகிறவர்களுக்கு: ஐஎஸ் 3043 என்ற இந்தியத் தர விதிப்படி ஜிஐ பைப் குறைந்தது 2.5 மீட்டர் நீளமும் 38 மில்லிமீட்டர் உள்விட்டமும் இருக்க வேண்டும். செம்பு பூசிய ராடு 3 மீட்டர் போட்டால் இந்த மண்ணில் இன்னும் கூடுதல் காலம் நிற்கும். சாயல்குடி பக்கத்துக் காய்ந்த மணலில் மேல்மண் ஈரம் பிடிக்காது. ஆழம் கூட்டியே தீர வேண்டும்.

எவ்வளவு பெரிய யூபிஎஸ்?

பெட்டியில் பெரிதாக எழுதியிருப்பது விஏ, அதாவது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிய அளவு. நமக்கு வேண்டியது வாட். வீட்டு யூபிஎஸ்களில் வாட் என்பது விஏயில் ஏறக்குறைய 60 சதவீதம்: 600 விஏ என்றால் 360 வாட், 1000 விஏ என்றால் 600 வாட். சாதாரண அலுவல் கம்ப்யூட்டர் 70 முதல் 100 வாட், 22 அங்குல எல்இடி மானிட்டர் 20 முதல் 25, ரௌட்டர் 10. மொத்தம் 130 என்று வைத்துக்கொள்ளுங்கள். யூபிஎஸ்ஸின் வாட்டில் 60 சதவீதத்துக்கு மேல் ஏற்றாமல் இருந்தால் சூடு குறையும். ஆக 600 விஏ போதும். தனி கிராஃபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டர் 300 வாட்டைச் சாதாரணமாகத் தொடும். அதற்கு 1000 விஏக்குக் குறைந்து வாங்க வேண்டாம்.

லேசர் பிரின்டரை ஒருபோதும் பேட்டரிப் பக்கம் சொருகாதீர்கள். தாளைச் சூடாக்கும் உருளை ஒவ்வொரு முறையும் 500 வாட்டுக்கு மேல் இழுக்கும். யூபிஎஸ் ஓவர்லோடு ஆகி, கம்ப்யூட்டரையும் சேர்த்து அணைத்துவிடும். மிக்சி, அயர்ன் பாக்ஸ், டேபிள் ஃபேனுக்கும் இதே தடைதான்.

இனி நேரக் கணக்கு. 600 விஏவுக்குள் இருப்பது பொதுவாக 12 வோல்ட் 7 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி ஒன்று. பெருக்கினால் 84 வாட்-மணி. 130 வாட்டுக்கு அரை மணி நேரத்துக்கும் மேல் வரும் என்று தோன்றும். வராது. 7 ஏஎச் என்பது 20 மணி நேரம் மெதுவாக இறக்கினால் கிடைக்கும் அளவு. 13, 14 ஆம்பியர் வேகத்தில் இழுக்கும்போது பாதிகூடக் கிடைக்காது. புதுப் பேட்டரியில் 10 முதல் 15 நிமிடம் என்று எதிர்பாருங்கள். அது வேலையைச் சேமித்து, முறையாக அணைக்கக் கொடுக்கும் நேரம். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் பகல் முழுக்க வேலை செய்ய வேண்டும் என்றால் யூபிஎஸ் அதற்குரிய கருவி இல்லை; இன்வெர்ட்டர் வேண்டும். அது பின்னால் வருகிறது.

லேப்டாப் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு யூபிஎஸ்ஸே தேவையில்லை. உள்ளே இருக்கும் பேட்டரியே யூபிஎஸ். திடீரென ஏறும் வோல்ட்டேஜைத் தடுக்கும் நல்ல சர்ஜ் புரொடெக்டரும் ரௌட்டருக்கு ஒரு மினி யூபிஎஸ்ஸும் போதும். மினி யூபிஎஸ் வாங்கும்போது ரௌட்டர் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பின்னின் பிளஸ் மைனஸ் குறியையும் ஒப்பிடுங்கள். 9 வோல்ட் ரௌட்டரில் 12 வோல்ட் கொடுத்தால் அது கருகலாம்.

எந்த வகை?

வீட்டுக்கு 'லைன் இன்டராக்டிவ்' வகைதான் சரி. உள்ளே வோல்ட்டேஜைச் சீர்செய்யும் ஏவிஆர் இருப்பதால் வோல்ட்டேஜ் 150, 160 என்று இறங்கினாலும் பேட்டரிக்குத் தாவாமல், டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத் தூக்கிக் கொடுக்கும். ஏவிஆர் இல்லாத மலிவு வகை, வோல்ட்டேஜ் தாழும்போதெல்லாம் பேட்டரிக்குப் போகும். லோ வோல்ட்டேஜ் அடிக்கடி வரும் லைனில் பேட்டரி சீக்கிரமே செத்துவிடும். மின்சாரத்தை எந்நேரமும் மாற்றிக் கொடுக்கும் 'ஆன்லைன்' வகை யூபிஎஸ் இன்னும் சுத்தமான மின்சாரம் தரும்தான். ஆனால் அதன் ஃபேன் ஓயாமல் ஓடி, உப்புக்காற்றை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். கடலோர வீட்டில் ஒரே ஒரு கம்ப்யூட்டருக்காக அதை வாங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

கரண்ட் போன நொடியில் பேட்டரிக்கு மாற 4 முதல் 10 மில்லி செகண்ட் ஆகும். நல்ல எஸ்எம்பிஎஸ் 16 மில்லி செகண்ட் வரை தாக்குப்பிடிக்கும். மலிவு எஸ்எம்பிஎஸ் அவ்வளவு தாங்காது. 'யூபிஎஸ் இருந்தும் ரீஸ்டார்ட் ஆகுது' என்ற புகாரில் யூபிஎஸ்ஸை மாற்றுவதற்கு முன் எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகப்படுங்கள். ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தை அலையோடு ஒத்து இழுக்கும் சர்க்யூட்) உள்ள விலை உயர்ந்த எஸ்எம்பிஎஸ் என்றால், படிக்கட்டு வடிவ அலை தரும் யூபிஎஸ்ஸில் சில நேரம் அணைந்துவிடும். அதற்கு, மின்வாரிய மின்சாரம் போலச் சீரான அலை தரும் ப்யூர் சைன்வேவ் யூபிஎஸ் கேட்டு வாங்குங்கள்.

பெட்டியில் ஐஎஸ் 16242 என்ற எண்ணும், R என்று தொடங்கும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் பதிவு என்று காட்டும். பில் போடுமுன் பேட்டரி தயாரித்த மாதத்தையும் கேளுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் சார்ஜ் ஏறாமல் கடையில் கிடந்த பேட்டரி உள்ளுக்குள் சல்பேட் பிடித்திருக்கும்.

எங்கே வைப்பது?

இங்கே கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள், ஏனென்றால் யூபிஎஸ்ஸின் ஆயுள் பெரும்பாலும் இதில்தான் முடிவாகிறது. கீழக்கரை, ஏர்வாடி, மண்டபத்தின் தென்கரை ஆகியவை மன்னார் வளைகுடாவைப் பார்த்தவை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தெற்கு, மேற்கு ஜன்னல் வழியே உப்பு வரும். தொண்டி, திருப்பாலைக்குடி, தேவிபட்டினம் பாக் விரிகுடாப் பக்கம். அங்கே வாடைக் காற்றில் வடக்கு, கிழக்கு ஜன்னல்கள். ராமேஸ்வரம் தீவுக்கு இரண்டும் உண்டு. உங்கள் வீட்டில் எந்த ஜன்னல் கம்பி முதலில் துருப்பிடிக்கிறது என்று பாருங்கள். அந்த ஜன்னலின் எதிரில் யூபிஎஸ் வைக்காதீர்கள்.

உப்பு காய்ந்திருக்கும்வரை பெரிய தொந்தரவு இல்லை. இரவு ஈரத்தில் அது தண்ணீரை இழுத்துக்கொண்டு, சர்க்யூட் போர்டின் மேல் மின்சாரம் கடத்தும் படலமாகிவிடும். மின் இணைப்பை மாற்றும் ரிலேயின் முனையும், பேட்டரியில் வயர் மாட்டும் தகடான லக்கும் அரிக்கும். பயந்துபோய்ச் சிலர் யூபிஎஸ்ஸைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடுகிறார்கள், துணி போர்த்துகிறார்கள். இது உப்பைவிட மோசம். சீல் செய்த லெட் ஆசிட் பேட்டரிக்கு ஏற்ற வெப்பம் 25 டிகிரி. அதற்கு மேல் ஒவ்வொரு 8 முதல் 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது கணக்கு. மே மாத அறையே 35-ஐத் தொடும்போது, மூடிய உறைக்குள் 45 ஆகிவிடும்.

ஆகவே: உள்சுவர் ஓரம், நான்கு பக்கமும் ஒரு சாண் இடைவெளி, மேலே எதுவும் இல்லாமல், தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் உறுதியான மேடை அல்லது மர ஸ்டூல். அந்த ஓரடி உயரம் முக்கியம். 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட மழையில் தாழ்வான வீடுகளில் தண்ணீர் அறைக்குள் வந்துவிடும். தரையில் இருக்கும் யூபிஎஸ்ஸுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. மெயினை அணைத்தாலும் அது பேட்டரியிலிருந்து 230 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். மெயின் போர்டில் உள்ள ஆர்சிசிபி அதைக் காக்காது. தண்ணீர் ஏறுகிறது என்றால், கால் நனைவதற்கு முன்பே யூபிஎஸ்ஸின் பட்டனையும் அழுத்தி அணைக்க வேண்டும்.

இணைப்பு

1. புது யூபிஎஸ்ஸில் பேட்டரி வயர் கழற்றி வைத்திருந்தால் கையேட்டின்படி இணையுங்கள். எதையும் சொருகாமல் 6 முதல் 8 மணி நேரம் சார்ஜ் ஏறட்டும்.
2. யூபிஎஸ்ஸை நேரே சுவர் சாக்கெட்டில் சொருகுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் நடுவில் வேண்டாம். எர்த் பின்னை வெட்டுவதும் இரண்டு பின் அடாப்டர் போடுவதும் கூடாது.
3. சொருகுமுன் பிளக்கின் பித்தளைப் பின்னைப் பாருங்கள். பச்சைக் களிம்பு படிந்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்து, உலர்ந்த துணியால் துடையுங்கள். நுனி கறுத்து, பிளாஸ்டிக் பழுத்திருந்தால் அங்கே பொறி பறந்திருக்கிறது. பிளக், சாக்கெட் இரண்டையுமே மாற்றுங்கள்.
4. கேபினட்டும் மானிட்டரும் ரௌட்டரும் பேட்டரி அவுட்லெட்டில் வரட்டும். 'சர்ஜ் ஒன்லி' என்று இருப்பதில் பேட்டரி வராது.
5. யூஎஸ்பி வயர் உள்ள மாடல் என்றால் கம்ப்யூட்டரில் சொருகுங்கள். விண்டோஸ் அதைப் பேட்டரியாகவே காட்டும். பவர் ஆப்ஷன்ஸில் 'கிரிட்டிகல்' அளவை 30 சதவீதமாக வைத்து, அந்நேரம் ஹைபர்னேட் ஆகும்படி அமையுங்கள். யூஎஸ்பி இல்லாத மாடலில், பீப் கேட்டதும் இரண்டு நிமிடத்தில் சேமித்து அணைக்க வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இன்வெர்ட்டர் இருக்கும் வீடு

சைன்வேவ் இன்வெர்ட்டரின் பின்னால் ஒரு சிறு ஸ்விட்ச் இருக்கும்: 'யூபிஎஸ்', 'ஈகோ' அல்லது 'நார்மல்'. ஈகோவில் மாறும் நேரம் நீளம், கம்ப்யூட்டர் அணைந்துவிடும். யூபிஎஸ் நிலையில் வைத்தால் பெரும்பாலும் தனி யூபிஎஸ் இல்லாமலே ஓடும். பழைய ஸ்கொயர்வேவ் இன்வெர்ட்டரின் பின்னால் யூபிஎஸ் போட்டால் வேறு சிக்கல்: அந்த அலையை யூபிஎஸ் கரண்ட்டாகவே ஏற்காது. வீட்டில் லைட் எரிய, யூபிஎஸ் மட்டும் பீப் அடித்துக்கொண்டே பேட்டரியைத் தீர்த்து அணையும். சிறு பெட்ரோல் ஜெனரேட்டரிலும் இதே கதை நடக்கலாம்.

இன்வெர்ட்டரின் டியூபுலர் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு விடும். சாமி விளக்கு இருக்கும் இடத்திலும் மூடிய அலமாரியிலும் வைக்கக் கூடாது. டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றுங்கள். ஆர்ஓ தண்ணீரிலும் நம் ஊர்க் கிணற்று நீரிலும் உப்பு உண்டு. டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்தால், இன்வெர்ட்டரை அணைத்து வெந்நீரால் துடைத்து, காயவைத்து, வாசலின் தடவுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு சோதனை

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, யூபிஎஸ்ஸில் 100 வாட் குண்டு பல்பு ஒன்றைப் போடுங்கள். சுவர் ஸ்விட்சை அணையுங்கள். பிளக்கைப் பிடுங்க வேண்டாம். பிடுங்கினால் எர்த்தும் போய்விடும். பல்பு எத்தனை நிமிடம் எரிகிறது என்று பெட்டியின் மேலேயே தேதியோடு எழுதிவையுங்கள். முதல் அளவில் பாதிக்கு வந்ததும் பேட்டரி மாற்றும் காலம். கோடை நன்கு சுடும் நம் பக்கம் இரண்டு ஆண்டு ஓடினாலே நல்ல பேட்டரி.

இவற்றில் எது தெரிந்தாலும் உடனே அணைத்து, பிளக்கைக் கழற்றுங்கள்: அழுகிய முட்டை வாடை, பேட்டரி அறையின் மூடி உப்பி எழும்புவது, சும்மா இருக்கும்போதே பெட்டி கை வைக்க முடியாத சூடு, உள்ளே 'டிக் டிக்' என ரிலே ஓயாமல் அடிப்பது. உப்பிய பேட்டரியைத் திரும்ப சார்ஜ் ஏற்றிப் பார்ப்பது தீயை வரவழைப்பது.

ஃபேன் திடீரென்று வேகமெடுத்து, பல்புகள் வழக்கத்துக்கு மேல் பிரகாசித்தால் தெருவில் நியூட்ரல் அறுந்திருக்கிறது. வீட்டுக்குள் 300 வோல்ட்டுக்கு மேல் வரலாம். அதை எந்த ஏவிஆரும் தாங்காது. மெயினை அணைத்துவிட்டு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987, சொல்லுங்கள். இடி மின்னலின்போதும் பிளக்கோடு இன்டர்நெட் வயரையும் கழற்றிவிடுவதே காப்பு. அந்த வயர் செம்பாக இருந்தால் அதன் வழியும் இடி வரும்.

பேட்டரி மாற்றுதல்

அடியில் தனிக் கதவு உள்ள மாடலை மட்டும் வீட்டில் மாற்றுங்கள். முழு மூடியையும் திறக்க வேண்டிய மாடல் கடைக்குப் போகட்டும், கெப்பாசிட்டர்களில் சார்ஜ் தங்கியிருக்கும். யூபிஎஸ்ஸை அணைத்து, பிளக்கைக் கழற்றி, கைவளையல், மோதிரம், கடிகாரத்தை எடுத்துவிடுங்கள். அந்தச் சிறு பேட்டரியின் இரு முனையில் ஒரு வளையல் பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். உலோகம் சிவந்து தோலோடு ஒட்டும். முதலில் கறுப்பு வயர், பிறகு சிவப்பு. புதியதில் முதலில் சிவப்பு, பிறகு கறுப்பு. லக் இரண்டு அகலங்களில் வரும், 4.8, 6.35 மில்லிமீட்டர், பழையதை அளந்து அதே அளவு கேளுங்கள். தளர்வாகச் சொருகினால் அந்த இடமே சூடாகி உருகும். இரண்டு பேட்டரி போட்ட 1000 விஏவில் இரண்டையும் ஒன்றாகவே மாற்ற வேண்டும். பழையது புதியதை இழுத்துக் கெடுத்துவிடும்.

வளைகுடா நாட்டுக்கோ மலேசியாவுக்கோ போய் வீட்டை மாதக்கணக்கில் பூட்டுகிறவர்கள், கிளம்பும் முன் முழு சார்ஜ் ஏற்றி, யூபிஎஸ்ஸை அணைத்து, பிளக்கைக் கழற்றுங்கள். முடிந்தால் பேட்டரி வயரையும் கழற்றிவையுங்கள். அணைந்திருந்தாலும் உள்சர்க்யூட் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். சாவி வைத்திருக்கும் உறவினரிடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயரை மாட்டி, ஒரு பகல் சார்ஜ் போடச் சொல்லுங்கள். பழைய பேட்டரியைக் குப்பையிலோ கண்மாயிலோ போடாதீர்கள், உள்ளே ஈயமும் ஆசிட்டும் இருக்கின்றன. பேட்டரி விற்பவர் பழையதைத் திரும்பப் பெற வேண்டும் என்று 2022 பேட்டரிக் கழிவு விதிகளுக்கு முன்பிருந்தே ஏற்பாடு உண்டு. புதியதன் விலையில் கழித்துக்கொள்ளும் கடையிலேயே கொடுத்து, பில்லில் அந்தக் கழித்த தொகையைக் காட்டச் சொல்லுங்கள்.